ஒரு பக்கக் கடிதமும் நாயாற்றுக் காய்ச்சலும்

எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்து, நாக்கு உலர்ந்து, கேட்காததையும் சேர்த்துச் சொல்லிப் பிடிபட்டுவிடுவேன். ஆனால் எழுதச் சொன்னால் மட்டும் வெட்கமில்லாமல் எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு மூன்று தரம் முதற் பரிசு வாங்கியவள் நான். (மூன்று தரமும் ஒரே புத்தகத்தைத்தான் தந்தார்கள். அது வேறு கதை.) அந்தக் கை சும்மா கிடக்காமல் செய்த கூத்தைத்தான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

அப்போது என் மகள் துளசி நாலாம் வகுப்பு. மகன் மாறன் இரண்டாம் வகுப்பு. இரண்டு பேரும் பரந்தனுக்குக் கிட்ட உள்ள எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான். இவர் (என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன்) நெல் மில்லில் வேலை. இரண்டு வருசமாக ஒரு நாள்கூட லீவு எடுக்காத மனுசன், ஒரு திங்கட்கிழமை பின்னேரம் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"இஞ்சாரும், மில்லுக்குப் புது மெசின் வருது. நாளையில இருந்து மூண்டு நாள் வேலை இல்லை. நாயாற்றுக் கடற்கரைப் பக்கம் போவமோ? தண்ணீரூற்றில என்ர சிநேகிதன் வீட்டில தங்கலாம்."

"பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடமெல்லே?"

"சனிக்கிழமை ரியூசன், ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பு. பேந்து எப்பதான் போறது? அதுகள் கடலைக் கண்டது புத்தகத்திலதான்."

அது உண்மை. அதற்கு முந்தின கிழமைதான் மாறன் கடல் என்று ஒரு படம் கீறி, முழுக்கப் பச்சைக் கலர் அடித்து, நடுவில் ஒரு எருமையையும் இறக்கிவிட்டிருந்தான். குளத்தைத் தவிர வேறு தண்ணீர் காணாத பிள்ளை. என் மனசு இளகிவிட்டது.

நேரே போய், "ரீச்சர், மூண்டு நாள் கடல் பார்க்கப் போறம்" என்று கேட்டிருக்கலாம். கேட்கப் பயம். துளசியின் வகுப்பாசிரியை சுகந்தி ரீச்சர் ஒரு மாதமாக வில்லுப்பாட்டு ஒன்று பழக்கிக்கொண்டிருந்தா. அடுத்த கிழமை புதன் வலயப் போட்டி. துளசிதான் நடுவிலிருந்து பாடுகிற பிள்ளை. "இனி ஒருத்தரும் பிறக்ரிஸுக்கு வராமல் நிக்கக் கூடாது, செத்தாலொழிய" என்று ரீச்சர் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லியிருந்தா. செத்தால் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதற்கு அடுத்த படிதான் வருத்தம், நோய் நொடி. வெறும் காய்ச்சல் என்றால் ஒரு நாள்தான் தாங்கும். மூன்று நாளைக்கு நின்று பிடிக்கிற வருத்தமாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் துளசி சட்டியைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய வில்லுப்பாட்டே டெங்கு ஒழிப்பைப் பற்றியதுதான்.

"கண்ணுக்குப் பின்னால நோவெடுக்கும் - மூட்டுக்
கழண்டதுபோலக் குடைச்சல் எடுக்கும்
எண்ணிப் பாருங்கோ ஐயா - மேலில
எங்கும் சிவப்பாய்ப் புள்ளி போடும்!"

"ஆமா! புள்ளி போடும்!" என்று மாறன் பின்னால் ஒத்து ஊதினான்.

என்ர அம்மாளாச்சி! வேறு எந்தத் தாய்க்கு வருத்தம் இப்படி வீடு தேடி வரும்? உடனே பேனையை எடுத்தேன். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். "எனது அருமை மகள் கண்களுக்குப் பின்னால் தாங்கொணா நோவினாலும், மூட்டுகள் கழன்றாற்போன்ற குடைச்சலினாலும் துடிதுடிக்கின்றாள். மேனியெங்கும் செம்புள்ளிகள். குருதிச் சிறுதட்டுகளோ நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாகக் குறைந்து வருகின்றன. தம்பியும் தமக்கையின் வழியே பாயில் வீழ்ந்துவிட்டான்." எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது. விசரி!

செவ்வாய் விடிய எங்கள் ஓட்டோவில் வெளிக்கிட்டோம். பள்ளிக்கூடக் கேற்றடியில் நிறுத்தி, கடிதத்தைக் காவலாளியிடம் கொடுத்தேன். பிள்ளைகளை ஓட்டோவுக்குள் படுக்கச் சொல்லியிருந்தேன். "அம்மா, நாங்கள் ஏன் படுத்திருக்கிறம்?" என்று மாறன் கேட்டான். "வாயை மூடு" என்றேன். காவலாளி எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். பரந்தன் தாண்டினதும் இவர் எங்கள் இரண்டு போனையும் நிறுத்திவிட்டார். மில்லுக்காரர் கூப்பிட்டுவிடுவார்களாம்.

கடலைப் பற்றி என்னத்தைச் சொல்ல! மாறன் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆர் இதுக்குள்ள உப்பைக் கொட்டினது?" என்று கோபித்தான். துளசி மூன்று நாளும் மணலில் கால் நீட்டியிருந்து, அலைக்கு முன்னால் வில்லுப்பாட்டுப் பாடினாள். "போட்டிக்கு முதல் வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் பழகலாம் என்னம்மா?" என்று இரண்டு தரம் கேட்டாள். "ஓமடி, பழகலாம்" என்றேன். வெயிலில் இரண்டும் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, அடுப்படிச் சட்டி மாதிரி வந்தன. பிள்ளைகள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. என் பேனையை நானே மெச்சிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பின்னேரம் ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. ஒழுங்கை முழுக்கப் புகை.

"ஐயோ, வீடு எரியுது!" என்று கத்திக்கொண்டு ஓட்டோ நிற்க முதலே குதித்தேன். ஒரு செருப்பு ஓட்டோவோடு போய்விட்டது. கையில் கருவாட்டுப் பை. புகைக்குள்ளிருந்து முகத்தை மூடிக்கட்டிய ஒரு தம்பி, தோளில் மெசினோடு வந்தார்.

"அக்கா, அங்கால போகாதேங்கோ. நுளம்புக்குப் புகை அடிக்கிறம். டெங்கு வந்த வீடு."

"ஐயையோ! ஆற்ற வீடு தம்பி?"

"அந்த நீலக் கேற்."

நீலக் கேற் எங்களுடையது. எனக்குத் தலையில் இடி விழுந்தது.

அதற்குள் பக்கத்து வளவு மணியண்ணை ஓடி வந்தார். என்னைக் கண்டதும் குரல் உடைந்துபோனது. "தங்கச்சி... பிள்ளையள்... உயிரோட...?" ஓட்டோவுக்குள் மாறன் வாளி நிறையச் சிப்பியோடு இருப்பதைக் கண்டு, "பிள்ளையாரப்பா!" என்று நடு ஒழுங்கையில் குந்திவிட்டார்.

விசயம் மெல்ல மெல்ல வெளிவந்தது. சுகந்தி ரீச்சர் என் கடிதத்தைக் காலைக் கூட்டத்தில் வாசித்திருக்கிறா. வாசிக்கும்போதே அழுதுவிட்டாவாம். வகுப்பிலுள்ள இருபத்தெட்டுப் பிள்ளைகளும் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை ரீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போய் வாட்டு வாட்டாகத் தேடியிருக்கிறா. பிள்ளைகள் இல்லை. எங்கள் போனும் வேலை செய்யவில்லை. "கடுமையாக்கித்தான் யாழ்ப்பாணம் கொண்டுபோயிருப்பினம்" என்று ஆரோ சொல்ல, அது ஊருக்குள் வருவதற்குள் மாறனுக்கு நினைவில்லை என்றாகிவிட்டது. பள்ளிக்கூடம் அறிவித்து, பி.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) வந்து ஒவ்வொரு வளவாகச் சோதித்திருக்கிறார். மணியண்ணையின் பழைய டயருக்குள் நுளம்புப் புழு, அதுதான் குடம்பி, பிடிபட்டு அவருக்கு ஒரு எச்சரிக்கை நோட்டீஸ். எங்கள் வீட்டுப் பூச்சாடித் தட்டிலும் குடம்பி. எங்கள் கேற்றிலும் ஒரு நோட்டீஸ்.

அப்போது, எங்கள் ஓட்டோவைக் கண்டவர்கள் சொல்ல, புகைக்குள்ளால் சுகந்தி ரீச்சரே வந்தா. கையில் இரண்டு போத்தல், பச்சையாக. பப்பாசி இலைச் சாறு. ஊரில் ஒரு பப்பாசி மரத்திலும் இலை இல்லாமல் பிள்ளைகள் முறித்துக் கொண்டுவந்து கொடுத்தார்களாம்.

ரீச்சர் துளசியின் முகத்தைத் தடவிப் பார்த்தா. "பாருங்கோவன், பிள்ளை கறுத்துக் கருவாடாய்ப் போச்சு. மூக்குத் தோல்கூட உரிஞ்சிட்டுது. பாழ்பட்ட காய்ச்சல் உருக்கிப்போட்டுது" என்று சொல்லி, சாற்றைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தா. மாறன் ஒரு வாய் குடித்து, என் சேலையில் துப்பினான். துளசி துப்பவில்லை. கசப்பை விழுங்கிக்கொண்டு ரீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி ரெண்டு கிழமை படுத்திரு, என்ர குஞ்சு" என்றா ரீச்சர். "பாட்டைப் பற்றி யோசியாதை. உன்ர இடத்துக்கு அபிநயாவைப் போட்டிட்டன்."

துளசி அழவில்லை. கத்தவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை, பாவிப் பிள்ளை! அந்த ஒரு மாதமும் சட்டியைத் தட்டித் தட்டி அவள் பாடியதெல்லாம் என் காதுக்குள் கேட்டது. இவரைப் பார்த்தேன். இவர் வெகு மும்முரமாக ஓட்டோச் சில்லை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும். மகளின் பாட்டுப் போகும்.

"ரீச்சர், டெங்கு இல்லை" என்றேன். காது சிவந்தது, நாக்கு உலர்ந்தது, வழக்கம்போலக் கேட்காததும் வந்தது. "காய்ச்சலும் இல்லை. தடிமனும் இல்லை. நாங்கள் நாயாற்றுக்குப் போனனாங்கள். நான்தான் பொய் எழுதினனான். இது கருவாடு."

ரீச்சர் கைப்பையைத் திறந்து என் கடிதத்தை எடுத்தா. மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. அவ்வளவு தரம் வாசித்திருக்கிறா.

"கண்ணுக்குப் பின்னால நோ, மூட்டுக் கழண்ட குடைச்சல், மேலெல்லாம் புள்ளி. அப்பவே எங்கையோ கேட்டமாதிரி இருக்கெண்டு யோசிச்சனான்" என்றா மெதுவாக. "இது நான் எழுதின பாட்டெல்லே!"

வெட்கமென்றால் அப்படியொரு வெட்கம். அந்தப் புகைக்குள்ளேயே கரைந்துபோயிருக்கலாம் என்றிருந்தது.

"அப்ப என்ர டயர்?" என்று மணியண்ணை எழும்பினார். "வராத டெங்குக்கு எனக்கேன் நோட்டீஸ்?"

"டெங்குதான் பொய், அண்ணை. குடம்பி உண்மைதானே" என்றார் புகை மெசினுக்குப் பக்கத்தில் நின்ற பி.எச்.ஐ.

ரீச்சர் சிரிக்கவில்லை. "உங்கட பிள்ளை செத்துப்போச்சோ எண்டு நேற்று முழுக்க நான் சாப்பிடேல்லை, துளசியின்ர அம்மா" என்று மட்டும் சொன்னா. நான் அழுதேன். நடு ஒழுங்கையில், ஒற்றைச் செருப்போடு, கருவாட்டுப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். கடைசியில் ரீச்சர்தான் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னா: "துளசி பாடுவா. பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. ஆனா நீங்கள் அதிபருக்கு உண்மையை எழுதித் தரோணும். நாலு வரிக்கு மேல போகக் கூடாது."

ஒரு பக்கப் பொய்யை அரை மணித்தியாலத்தில் எழுதியவளுக்கு, அந்த நாலு வரி உண்மைக்கு ஒரு கொப்பி முடிந்தது.

புதன்கிழமை போட்டி. மண்டபம் நிறையச் சனம். துளசி கணீரென்று எடுத்தாள். "கண்ணுக்குப் பின்னால நோவெடுக்கும்" என்ற வரி வந்ததும் எங்கள் ஊர்ச் சனம் முழுக்கத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பின் வரிசையிலிருந்து மணியண்ணை, "ஆமா!" என்றார். இரண்டாமிடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு புது வருத்தம் பதிவாகிவிட்டது. ஆர் லீவுக் கடிதம் கொண்டுபோனாலும், "உண்மைக் காய்ச்சலோ, நாயாற்றுக் காய்ச்சலோ?" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறார்கள். வீட்டில் நான் தும்மினால்கூட, "அம்மாக்குப் பேனை குடுக்காதேங்கோ" என்று மாறன் கத்துவான்.

துளசி இப்போது சாதாரணதர வகுப்பு, பதினோராம் ஆண்டு. சுகந்தி ரீச்சர் பிரதி அதிபர். போன மாதம் இவருக்கு மறுபடி மூன்று நாள் லீவு கிடைத்தது. "நான் கடிதம் எழுதித் தரட்டோ?" என்று துளசியைக் கேட்டேன். அவள் பேனையை என் கைக்கு எட்டாமல் எடுத்துக்கொண்டு தானே எழுதினாள். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அப்பாவுக்கு லீவு. கடலுக்குப் போக விருப்பம். விட்ட பாடங்களை எழுதிக் காட்டுவேன்." அவ்வளவுதான். அலங்காரம் என்று ஒரு சொல் இல்லை. இதைக் கொண்டுபோனால் கேற்றோடு திருப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

பின்னேரம் கடிதம் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அடியில் ரீச்சரின் எழுத்து: "போய் வரவும். போனை நிறுத்த வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லவும்."