மாப்பிள்ளை கட்டிய மாடம்

வீட்டில் எது பழசு, எது குப்பை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது? கேட்டதும் கோபம் வருகிறதா? அப்படியானால் நான் சொல்லப்போகும் இனத்துக்கு நீங்கள் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம். அந்த இனத்தின் பெயர், 'நானே செஞ்சிடுவேன்'.

இவரை அடையாளம் காண்பது சுலபம். சனிக்கிழமை காலையில் காதில் பென்சில் செருகியிருப்பார். கையில் மட்டம் பார்க்கும் ரசமட்டம் இருக்கும். யாரோ ஒருவர் ஏழே நிமிடத்தில் சுவரைக் குடைந்து, டைல்ஸ் ஒட்டி, பூச்சாடியும் வைத்துக் காட்டும் வீடியோவை நாற்பது தடவை பார்த்திருப்பார். "பிளம்பரைக் கூப்பிடலாமேங்க" என்று மனைவி வாயெடுத்தால், "ஆள் கூப்பிட்டா ஏமாத்திடுவான். பத்து நிமிஷ வேலை. நீ சும்மா டார்ச்சைப் பிடி, போதும்" என்பார். அந்தச் 'சும்மா' இரண்டு நாள் நீளும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார். அவர் கண் குளியலறைத் துண்டுக் கம்பி மேல் விழுந்தது. பூச்சு உரிந்து, ஒரு முனை துருப்பிடித்து, வீடு கட்டிய நாளிலிருந்து சுவரில் பதிந்திருந்த தடித்த இரும்புக் கம்பி. அதைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் சுவரைக் குடைந்து, சோப்பும் ஷாம்பூவும் ஒரு குட்டி விளக்கும் வைக்க ஓர் அழகான மாடம் கட்ட முடிவு செய்தார். அவர்களோடு இருக்கும் மாமனார், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், குளியலறை வாசலில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, அந்தக் கம்பி..."

"துண்டுக்குத்தானே மாமா? கதவுக்குப் பின்னாடி கொக்கி போட்டாச்சு. தள்ளி நில்லுங்க, தூசி பறக்குது."

தள்ளி நின்றார். டிரில்லிங் மிஷின் பேசும்போது மனிதன் எங்கே பேசுவது? வீட்டுக்குள் சர்வாதிகாரம் செய்யத் துப்பாக்கி எதற்கு?

மாடம் எழுந்தது. திங்கட்கிழமையிலிருந்து வீட்டுக்கு வந்த ஒருவர்கூடத் தப்பவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரையும் குளியலறைக்கு அழைத்துப் போய், விளக்கைப் போட்டுக் காட்டினார்.

மாமனார் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. "இன்னைக்குக் குளிரா இருக்கு" என்றார். மறுநாள், "சளி பிடிக்கும்போல இருக்கு" என்றார். நான்காம் நாள் மகள் விடவில்லை.

"உண்மையைச் சொல்லுப்பா. ஏன் குளிக்க மாட்டேங்கிற?"

"முக்காலியில உக்காந்தா எழுந்திருக்க முடியலம்மா. முழங்கால் விடமாட்டேங்குது. அந்தக் கம்பியைப் பிடிச்சுத்தான் இத்தனை நாள் எழுந்திரிச்சேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"மாப்பிள்ளை ஆசையா செய்யறார். விழுந்து கிழுந்து வெச்சா உங்களுக்குத்தானே தொல்லை? அதான் குளிக்காமலே இருந்துடலாம்னு..."

அவள் கணவரிடம் போனாள். அவர் துளியும் அசரவில்லை. "துண்டு போடுற கம்பியைப் பிடிச்சு எழுந்திருக்கிறதே தப்பு. மாடத்தோட விளிம்பைப் பிடிச்சுக்கச் சொல்லு."

அவள் குளியலறைக்குப் போய் விளிம்பைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். டைல்ஸ் கையோடு வந்தது.

"பசை இன்னும் காயலை" என்றார் விஞ்ஞானி.

அன்று மாலையே அவள் பிளம்பரை வரவழைத்தாள். ஏமாற்றுவார் என்று சொல்லப்பட்ட அந்த ஆள் முதலில் டிரில்லிங் மிஷினைத் தொடவில்லை. பெரியவரை முக்காலியில் உட்காரச் சொன்னார். "ஐயா, இப்ப எழுந்திருக்கப் பாருங்க. கை தானா எங்க போகுது?" கை போன இடத்தில் சுவரில் கோடு போட்டார். அந்தக் கோட்டில் கைப்பிடியைப் பதித்து, தன் முழு எடையோடு தொங்கியும் பார்த்தார். படித்தவருக்குத் தோன்றாத சோதனை இவ்வளவுதான்: பயன்படுத்துகிறவரைக் கேட்பது.

மறுநாள் விடியற்காலையில் குளியலறையிலிருந்து தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. நம்மவர் இப்போது வருகிறவர்களிடம் மாடத்தோடு கைப்பிடியையும் காட்டுகிறார். "பெரியவங்க இருக்கிற வீடு பாருங்க. யோசிச்சுச் செய்யணும்" என்கிறார்.

சிரிக்கிறீர்களா? அவரும் இப்படித்தான், அடுத்தவர் கதை என்றால் நன்றாகச் சிரிப்பார். தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் குறையே சொல்லாத மனிதர் யாரோ, இன்றைக்கே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். "நான் கழட்டிப் போட்டதுல உங்களுக்கு எது வேணும்?" என்று கேளுங்கள். முதலில் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார். நம்பிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள்.