மாமனுக்குப் பதில் வந்த மெஷின்

காமயகவுண்டன்பட்டி,
18.12.1986

மஸ்கட்டில் இருக்கும் அன்புள்ள மச்சான் சுருளியாண்டி அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் கருத்தக்கண்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் தங்கை ராஜாத்தி, மகள் சொர்ணலதா, கறவை மாடுகள், காதுகுத்துக்கு வாங்கி இன்னும் வெட்டாமல் தீனி போட்டுக்கொண்டிருக்கும் கிடா, ஆக எல்லோரும் குலசாமி புண்ணியத்தில் சுகம். உங்கள் சுகத்துக்கும் எழுதவும். நீங்கள் அனுப்பிய மெஷின் மட்டும் சுகமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீங்கள் உட்கார்ந்து படியுங்கள். நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன், அவ்வளவு ஆத்திரம்.

புரட்டாசியில் உங்களை எதிர்பார்த்தோம். பிள்ளைக்கு ஆறு வயது முடியப்போகிறது, காது இன்னும் மூளியாகக் கிடக்கிறது, தாய்மாமன் மடியில் உட்கார வைத்தால்தான் ஆசாரி ஊசியைத் தொடுவார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் வந்தது நீங்கள் இல்லை, வடக்குத்தெருக் கர்ணன். உங்களோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்து ஒரே அறையில் படுத்துத் தூங்குகிற கர்ணனுக்கு லீவு கிடைக்கிறது, உங்களுக்குக் கிடைக்காது. சரி, போகட்டும். அவன் கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் துப்பாக்கி மாதிரி ஒரு சாமான், கூடவே உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு. 'மாப்பிள்ளை, இது ஒயர் இல்லாமல் ஓடும் டிரில்லிங் மெஷின். திராட்சைப் பந்தல் வேலைக்கு ஆகும். ஆயுசுக்கும் ரிப்பேர் வராது.' ஒயர் இல்லாத மெஷினாம்! சார்ஜ் ஏற்றுகிற டப்பாவுக்கு ஒயர் இருக்கிறதே, அது என்ன, அரைஞாண் கயிறா? ராவெல்லாம் கரண்டைக் குடித்துவிட்டு, பகலில் பந்தல் கல்தூணில் வைத்து அமுக்கினால் கொசு மாதிரிப் பாடுகிறது, தூணில் ஒரு கீறலோடு சரி. கதவு, முக்காலி, தேங்காய் இவற்றில் மட்டும் நன்றாக ஓட்டை போட்டது. தேங்காயில் ஓட்டை போடவா கடல் தாண்டி ஒரு மெஷின் வர வேண்டும்? அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது எங்கள் பெரியப்பா அம்மாவாசி வாயைத் திறந்த பிறகுதான். ஐப்பசியில் முகூர்த்தம் குறித்தபோது, மாமன் இல்லாமல் எப்படி என்று பங்காளிகள் இழுத்தார்கள். பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "மாமன் வரலேன்னா மாமன் குடுத்த சாமான வெச்சுச் செய்யிறது நம்ம வழக்கந்தானடா. எங்கக்காவுக்கு மாமன் துண்ட மடியில விரிச்சுக் குத்துனாக. இவுக மெஷின் அனுப்பியிருக்காக. அத மணையில வெச்சு, பக்கத்துல பிள்ளைய உக்கார வைங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். துண்டும் மெஷினும் ஒன்றா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பிள்ளை மட்டும்தான் கேட்டாள். காது குத்துகிற இடத்தில் ஓட்டை போடுகிற மெஷினைக் கொண்டுபோய் வைத்தால் எந்தப் பிள்ளை உட்காரும்? "தேங்காயில போட்ட மாதிரி எங்காதுல போடப்போறீக!" என்று வைக்கோல் படப்பின் உச்சியில் ஏறிக்கொண்டாள். முறுக்கைக் காட்டி, மிட்டாயைக் காட்டி, கடைசியில் நானே ஏறி இறக்குவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

காதுகுத்தன்றைக்குக் கோயிலில் நடந்ததை நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது. உங்கள் தங்கை விடியற்காலையிலேயே மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மாப்பிள்ளை மாதிரி அலங்காரம் பண்ணி மணையில் ஏற்றிவிட்டாள். பெரியப்பா சும்மா இருந்திருக்கலாம். "ஏலே, ஒரு தடவ ஓட விடுடா, மாமன் சத்தம் கேக்கட்டும்" என்றார். அமுக்கினேன். சத்தம் இல்லை. மறுபடி அமுக்கினேன். மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம்வரை பாடிய மெஷின், மச்சான்! கூட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவதி, "மாமன் மூச்சு நின்னுபோச்சே ஆத்தா" என்றாள். அவ்வளவுதான், உங்கள் தங்கை மாரில் அடித்துக்கொண்டு, "எங்கண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு, இன்னைக்குக் குத்தக் கூடாது" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டார், கிடா தப்பித்தது, கறிச்சோற்றுக்கு வந்த சனம் சாம்பாரை ஊற்றித் தின்றுவிட்டு என்னைத் திட்டிக்கொண்டே டவுன் பஸ் ஏறியது. பதறிப்போய் உங்களுக்குத் தந்தி அடித்தேன். நீங்கள் என்ன பதில் அடித்தீர்கள்? 'நலம். மெஷின் எப்படி?' அந்தத் தந்தியைப் படித்த நேரத்தில் நீங்கள் என் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது உங்கள் நல்ல காலம்.

மறுநாளே பழனிசெட்டிபட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே ஞானதுரை என்று ஒருவர், ரேடியோ, மிக்ஸி, மோட்டார் எல்லாவற்றுக்கும் வைத்தியர், வேலையைவிடப் பேச்சு அதிகம். கழற்றினார், துணியால் துடைத்தார், ஊதினார், கண்ணை மூடி ஒரு ஜெபம் பண்ணினார், மாட்டினார், ஓடியது! "அண்ணாச்சி, இது பாலைவனத்து மெஷின். நம்மூரு ஈரம் ஒத்துக்கல" என்றார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கள் தங்கை பயபக்தியோடு வாங்கிச் சாமி அலமாரியில் வைத்தாள். விடிந்து அமுக்கினால் பழையபடி கட்டை. மறுபடி பழனிசெட்டிபட்டி, மறுபடி துடைப்பு, ஜெபம், ஓட்டம். "இப்ப ஈரமில்ல அண்ணாச்சி, தூசி" என்கிறார். வீட்டுக்கு வந்தால் ஓடவில்லை. அவர் கடையில் மட்டும் ஓடுவதற்கு அதை அவருக்கே தத்துக் கொடுத்துவிடலாமே! இந்த அலைச்சலில் கார்த்திகை முகூர்த்தமும் போய்விட்டது. போன வாரம் அவர் புதிதாக ஒரு யோசனை சொன்னார்: "பேசாம ஒரு லாரி பேட்டரிய வெச்சு ரெண்டு ஒயர இழுத்துருவோம்." ஒயர் இல்லாத மெஷினுக்கு ஒயர் போடவா உம்மிடம் வந்தேன் என்று கடைவீதியே கேட்கக் கத்தினேன். பெரியப்பாவும் ஒப்பவில்லை. "மாமனுக்கு வாலு மொளச்சா ஊரு சிரிக்கும்டா" என்கிறார்.

நாங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். எங்கள் வீட்டில் பம்புசெட்டுக்குக் கிடைக்காத மரியாதை அதற்குக் கிடைக்கிறது. கடையிலிருந்து வந்த அன்றே உங்கள் தங்கை தன் கையாலேயே உள்ளேயும் வெளியேயும் சந்தனம் வைத்துச் சூடம் காட்டிவிடுகிறாள். இதற்கு மேல் ஒரு மெஷினை எப்படிப் பராமரிப்பது, நீங்களே சொல்லுங்கள். விற்றவன் உங்களை ஏமாற்றினான், நீங்கள் எங்களை ஏமாற்றினீர்கள், நடுவில் என் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் 'மூளிக்காது' என்று கூப்பிடுகிறார்கள். நேற்றும் அழுதுகொண்டுதான் வந்தாள், எனக்கு வயிறு எரிகிறது. தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தைக் குறித்திருக்கிறோம். நீங்கள் வர வேண்டாம். லீவு கேட்டு உங்கள் கம்பெனியைக் கஷ்டப்படுத்தவும் வேண்டாம். ஊருக்கு வருகிற எவன் கையிலாவது புது மெஷின் ஒன்று, வீட்டிலும் ஓடுகிற மாதிரியாகப் பார்த்து, உடனே கொடுத்து அனுப்பவும். அது போதும்.

குலசாமி உங்களுக்கு நூறு வயசும், உங்கள் மெஷின்களுக்கு அதில் ஒரு வயசாவதும் கொடுக்கட்டும். கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால், அவ்வளவும் யோசித்து எழுதியதுதான்.

இப்படிக்கு,
பொறுமையிழந்த மாப்பிள்ளை,
கருத்தக்கண்ணன்

பி.கு. அண்ணே, நான் ராஜாத்தி எழுதுறேன். கடுதாசிய ஒட்டிப் பெட்டியில போடச் சொல்லிக் குடுத்தாக, மடிக்கிற ஓரத்துல எடமிருந்துச்சு. மெஷினுக்கு ஒரு கேடும் இல்ல. கோயிலுக்குக் கொண்டு போகயில அலங்காரம் பண்ணுறேன்னு, பேட்டரி மாட்டுற எடத்துல உள்ள இருக்க பித்தளைத் தகட்டுலயும் சந்தனத்த அப்பிட்டேன். அது காஞ்சு நின்னுபோச்சு. அன்னைக்கு நான் அழுதது நெசமான அழுக. கடைக்காரரு தொடச்சாரு, ஓடுச்சுன்னு இவுக வந்து சொன்னப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அதுக்கப்புறம் வெச்சதெல்லாம் தெரிஞ்சே வெச்சது. இவுக பஸ்ஸேறிப் பஸ்ஸேறி அலையிறதப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. ஆனா நீ இருக்கயில எம்பிள்ள ஒரு மெஷினுக்குப் பக்கத்துல உக்காந்து காது குத்தணுமா? ஒம்மாமன் எங்கடீன்னு கேட்டா, அலமாரியில இருக்க பெட்டியக் கைகாட்டுது அண்ணே. தையில நீ வா. இவுக கேட்டாகன்னு புது மெஷினு எதுவும் அனுப்பாத. நீ எத்தன அனுப்புனாலும் இங்கன சந்தனக் கட்டைக்குப் பஞ்சமில்ல.