ஜமீன் பங்களாவில் தொங்கிய சாவி

ஒரு பொருளைப் பத்திரமாக வைக்கிறேன் என்று நான் எடுத்துக்கொண்டு கிளம்பினால், அதை அப்போதே மறந்துவிடுவது நல்லது. (எங்கள் வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். எனக்குத்தான் இன்னும் நம்பிக்கை போகவில்லை.)

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஓவிய டீச்சர். ஊருக்கு வெளியே ஒரு பழைய ஜமீன் பங்களா உண்டு. அதன் தர்பார் ஹாலில் பெங்களூரிலிருந்து வந்த மிருணாளினி மேடம் நவீனக் கலைக்காட்சி ஒன்றை அமைத்தார். பூட்டு தொலைந்து சாவி மட்டும் மிஞ்சியிருந்தால் கொடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கினார். பூட்டுக்குப் பேர்போன ஊர் அல்லவா, மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது. அத்தனையையும் நூலில் கட்டி, கைக்கு எட்டும் உயரத்தில் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார்.

உதவிக்கு ஆள் கேட்டபோது பள்ளியில் என்னை அனுப்பிவைத்தார்கள். நவீனக் கலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், புரியாவிட்டால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். திறப்பு விழாவுக்குள் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

தலைமை விருந்தினர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். சிரித்தால் தீர்ப்பு மாறிவிடும் என்பதுபோல் முகத்தை வைத்திருந்தார். விழா முடிந்ததும் மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். சாவி கொடுத்த ஊர்க்காரர்களும் வந்து நிறைந்தார்கள்.

எனக்குக் கொடுக்கப்பட்டது ஒரே வேலை. எல்லோரும் உள்ளே வந்ததும் கதவை உள்பக்கமாகப் பூட்டி, மேடம் சொல்லும்போது திறக்க வேண்டும். பூட்டிய அறையில் இத்தனை சாவிகளுக்கு நடுவே மௌனமாக நிற்பதுதான் கலையாம். பூட்டு, ஜமீன் காலத்துத் திண்டுக்கல் பூட்டு. உரித்த தேங்காய் அளவு இருக்கும்.

பூட்டினேன். மேடம் இரண்டு வார்த்தை பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். கையில் சாவியை வைத்துக்கொண்டு தட்டினால் எனக்குச் சத்தமே வரவில்லை. நம் மேடத்துக்கு நாமே தட்டாவிட்டால் எப்படி? பக்கத்தில் ஒரு நூல் சும்மா தொங்கியது. செத்த நேரம்தானே என்று சாவியை அதில் மாட்டிவிட்டு, ஹால் அதிரத் தட்டினேன்.

அப்புறம் மௌனம். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. சாவிகள் எல்லாம் கிணுகிணு என்று ஆடின. கூட்டம் மெல்ல நகர, நானும் தலையைச் சாய்த்தபடி கூடவே நகர்ந்து, எதிர்ச்சுவர் வரைக்கும் போய்விட்டேன். மேடம் கண்ணைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். எல்லா நூலிலும் சாவி தொங்கியது; அதே மாதிரிப் பெரிய பழைய சாவியே நூற்றுக்கணக்கில்.

"ஸ்டெல்லா, கதவத் திற."

"தேடுறேன் மேடம்."

"எதை?"

நான் மேலே கையைக் காட்டினேன்.

மேடத்தின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்ற மேடத்தின் வேன் டிரைவர் சுத்தியல் தரட்டுமா என்று கேட்டார். பங்களாக்காரர் பதறிப்போய், முப்பாட்டன் காலத்துப் பூட்டில் கை வைக்கக் கூடாது என்று கதவை மறித்து நின்றுகொண்டார். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. என் வேலை போச்சு, மேடத்தின் மானமும் போச்சு என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

நீதிபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"சாவி உள்ளதான இருக்கு. ஆளுக்கு ஒரு பக்கம் தேடுங்க."

அவ்வளவுதான். அதுவரை கைகட்டி நின்ற கூட்டம் சாவிகளுக்குள் புகுந்தது. ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பூட்டில் போட்டுப் பார்ப்பதும், சேராவிட்டால் திரும்பக் கட்டுவதுமாக ஹாலே சந்தைக்கடை ஆனது. சின்னாளபட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா ஒரு சாவியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இது எங்க பழைய வீட்டுச் சாவி. இதுக்காக எங்க வீட்டுக்காரரு கூட நான் போட்ட சண்டை கொஞ்சமில்ல."

அதைக் கேட்டுப் பக்கத்திலிருந்தவர் தன் வீட்டுக் கதையை ஆரம்பித்தார். அப்புறம் யாருக்கும் கதவு ஞாபகமே இல்லை. நூல்களுக்கு நடுவே நின்று அழுதுகொண்டிருந்த மேடத்திடம் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இத்தனை வருஷத்தில் தன் கலையை யாரும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்றார்.

கடைசியில் பூட்டு கடகடவென்று திறந்த சத்தம். திறந்தது நீதிபதி. சட்டையெல்லாம் துரு. சாவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கோப்பை வாங்கிய பையன் மாதிரி சிரித்தார். ரயில் எப்போதோ போயிருந்தது. பங்களாவிலேயே எல்லோருடனும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் போனார்.

அந்தக் காட்சி பிறகு எத்தனையோ ஊருக்குப் போனது. போன இடத்திலெல்லாம் மேடம் வேண்டுமென்றே சாவியைத் தொங்கவிட்டு, ஜனங்களைத் தேட வைத்தார். வாசல் பலகையில் "யோசனை: ஸ்டெல்லா, திண்டுக்கல்" என்று போட்டார். (நான் மறுக்கவில்லை.)

எங்கள் வீட்டிலோ கலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புதுச் சொந்தம் யார் வந்தாலும் என் வீட்டுக்காரர் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்:

"அம்புட்டுப் பேர உள்ள அனுப்புன ஜட்ஜையே உள்ள வச்சுப் பூட்டுனவ. பாத்துப் பேசுங்க."