மரியாமாவுக்குத் துணைக்குப் போனேன்

ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போகிறவர் நோயாளியைவிடக் கொஞ்சமாவது திடமாக இருக்க வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. நியாயமான எதிர்பார்ப்புதான். நான் போகும்வரை அதற்குப் பெரிய பங்கம் எதுவும் வந்ததில்லை.

எனக்குத் திருச்செங்கோடு. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர் வேலை. எங்கள் ஊர் வண்டிகள் ஆப்பிரிக்கா வரைக்கும் போகும். கூடவே நாங்களும் போவோம். மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் எங்கள் வண்டிக்கு ஓட்டுநராக வாய்த்தவன் மூசா, உள்ளூர்க்காரன். எங்களோடு சாப்பிட்டு, எங்களோடு சண்டை போட்டு, கொங்குத் தமிழை எங்களைவிட மரியாதையாகப் பேசுவான்.

அவன் அம்மா பெயர் மரியாமா. (முதல் முறை மாரியம்மா என்று காதில் விழுந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.) இரண்டு கண்ணிலும் புரை. பேரப்பிள்ளைகளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுவந்தார். பக்கத்தில் கண் டாக்டர் கிடையாது; தூரத்தில் இருப்பவரிடம் போக வசதி கிடையாது. அப்போதுதான் துறைமுகத்துக்கு ஓர் ஆஸ்பத்திரிக் கப்பல் வந்தது. வார்டு, ஆபரேஷன் தியேட்டர், பல நாட்டு டாக்டர்கள் எல்லாம் கப்பலுக்குள்ளேயே. வைத்தியம் இலவசம். மரியாமாவுக்கும் நாள் கொடுத்தார்கள். அதே நாளில் மூசா வண்டியை வேறு ஊருக்கு நகர்த்தியாக வேண்டும். வண்டி ரோட்டில் ஓடும்போது டிரில்லருக்கு வேலை இல்லை.

"அண்ணா, அம்மாகூட நீங்க போறீங்களா? ரொம்பப் பயப்படறாங்க. தைரியமான ஆளு வேணுமுங்க" என்றான்.

"பாறையவே ஓட்டை போடறவன்டா நானு. அம்மாவ எங்கிட்ட உடு" என்றேன்.

கப்பல் துறையில் கட்டிக் கிடந்தது. எங்கள் ஊர் டவுன் பஸ் நிற்கும்போது ஆடுகிற அளவுகூட ஆடவில்லை. (அலைமேல் பழியைப் போட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.) ஆங்கிலம் பேசும் நர்ஸ் ஒருவர் மரியாமாவைக் கட்டிலில் படுக்கவைத்து, "கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவருக்கு ஆறுதலாக இருக்கும்" என்றார். பிடித்துக்கொண்டேன். கண்ணை மரத்துப்போக வைக்க டாக்டர் வந்தார். ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நீளமான ஊசி.

'கண்ணுக்கா?' என்று கேட்க வாயைத் திறந்தேன்.

விழித்தபோது மரியாமாவின் கட்டிலில் நான் படுத்திருந்தேன். கால்கள் தலையணைமேல், நெற்றியில் கட்டு. பக்கத்து நாற்காலியில் மரியாமா என் கையைத் தடவிக்கொண்டிருந்தார். ஊசி இன்னும் யாருக்கும் போடப்படவில்லை.

"தியேட்டருக்கு வர மறுக்கிறார். இந்தப் பையன் கண்ணைத் திறக்காமல் என் கண்ணைத் தொடக்கூடாது என்கிறார்" என்றார் கப்பலின் மொழிபெயர்ப்பாளர்.

அன்றைய முறை போனால் மறுபடி எப்போது கிடைக்குமோ? மூசாவின் முகத்தில் எப்படி விழிப்பது? "எனக்கு ஒண்ணுமில்ல" என்று வேகமாக எழுந்து நின்றேன். மறுபடி விழுந்தேன். நல்லவேளை, இம்முறை கட்டில்மேலேயே.

அந்த நேரம் பார்த்து என் மனைவி கோமதி வீடியோ காலில் வந்தாள். நர்ஸ் போனை எடுத்து என் பக்கம் காட்டினார்.

"ஐயோ சாமி, என்னாச்சுங்க?"

"ஊசியைப் பார்த்துவிட்டார்" என்றார் நர்ஸ், ஆங்கிலத்தில்.

கோமதி கொஞ்சம் யோசித்தாள். "ஊசி யாருக்குங்க?"

"அந்தம்மாவுக்கு" என்றேன்.

அவள் முகம் திரையைவிட்டுச் சரிந்தது. திரையில் வீட்டுக் கூரை மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

என்னை வெளியே கொண்டுபோய் உட்காரவைத்த பிறகுதான் மரியாமா சம்மதித்தார். அன்றைக்குக் கடைசி ஆளாக ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். அவர் தன் உள்ளங்கையை வெகுநேரம் பார்த்தார். சன்னல்வழியே கடலைப் பார்த்தார். எனக்கும் கண் கலங்கியது. பிறகு என்னிடம் வந்து, மேலும் கீழும் அளந்து ஏதோ சொன்னார். வார்டே சிரித்தது.

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். "இவ்வளவு பெரிய உடம்பா விழுந்தது? கூச்சலைக் கேட்டுச் சின்னப் பையன் என்றல்லவா நினைத்தேன், என்கிறார்."

(நான் கத்திய விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும்.)

இப்போது ஊரில்தான் இருக்கிறேன். போன மாதம் மகளுக்குத் தடுப்பூசி போடக் குடும்பத்தோடு போனோம். கோமதி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நர்ஸிடம் சொன்னாள்:

"புள்ளைய நான் பாத்துக்கறேனுங்க சிஸ்டர். இவரப் புடிக்க ரெண்டு ஆளு வரச்சொல்லுங்க."