ரெண்டாவது ஆல்பம்

வாட்ஸ்அப்பில் குரல் பதிவை அனுப்பி முடித்த பிறகுதான் ஜெகதீஷ் மேலே பார்த்தான். 'ஸ்ரீநாத்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஜெகதீஷ் கனிமொழி நிச்சயதார்த்தம்' என்று குடும்ப குரூப்பின் பெயர் இருந்தது.

ஸ்ரீநாத் ஆபீஸ் நண்பன். இருவருக்கும் டிரம்மும் கிடாரும் காதைக் கிழிக்கும் ஹெவி மெட்டல் பாட்டு இருந்தால் சோறு தண்ணி வேண்டாம். 'ரஸ்ட் பிஷப்' என்கிற பழைய இங்கிலீஷ் கோஷ்டியின் முதல் ஆல்பம் உசத்தியா, இரண்டாவது உசத்தியா என்று காலையிலிருந்து தகராறு. அதற்குக் கடைசித் தீர்ப்பாகத்தான் ஜெகதீஷ் குரல் பதிவு செய்தான்.

"மச்சான், மொத ஆல்பம்தான்டா ஆல்பம். நாலு நாள்ல எடுத்தது, ஒரு பூச்சு கெடையாது. ரெண்டாவது சுத்தக் குப்பை. நடுவுல நின்னுகினு கத்துது பாரு ஒரு பெர்சு, அது ஒண்ணே மொத்தத்தையும் கெடுக்குது. அத்த தூக்கிட்டு, ஓரமா கீற குட்டையனை நடுவுல வெச்சுப் பாரு, ஆல்பம் எங்கியோ போய்டும்!"

பெரிசு என்றது பாடகரை. குட்டையன் என்றது கிடார்காரரை. இது ஸ்ரீநாத்துக்குத் தெரியும். குரூப்பில் இருந்த மற்ற முப்பத்தெட்டுப் பேருக்குத் தெரியாது.

அன்று காலைதான் போட்டோகிராபர் அதே குரூப்பில் நிச்சயதார்த்த ஆல்பங்களின் மாதிரியைப் போட்டிருந்தான். முதல் ஆல்பம் மாப்பிள்ளை வீட்டுக்கு. இரண்டாவது பெண் வீட்டுக்கு. அதில் பக்கத்துக்குப் பக்கம் நடுவில் நிற்பவர் மாமனார் ஏகாம்பரம். திருமழிசையில் பட்டறை வைத்து, முப்பது வருடம் மெஷின் இரைச்சலோடு போட்டி போட்டுப் பேசியவர். அவர் வீட்டில் தண்ணீர் கேட்டால் எதிர்வீட்டில் சொம்பை எடுப்பார்கள். ஓரமாக நிற்கும் குள்ளமான ஆள், பெண்ணின் தாய்மாமன் அப்பாவு.

ஜெகதீஷ் பதறியடித்து அழித்தான். அழித்த பிறகுதான், எல்லோருக்குமாக அழிக்காமல் தனக்கு மட்டும் அழித்துக்கொண்டது தெரிந்தது. இனி அந்தப் பேச்சை ஊரே கேட்கலாம், அவன் மட்டும் கேட்க முடியாது.

குரூப்பில் யாரோ ஒருவர் மட்டும் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். யாரென்று பார்க்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

கனிமொழியின் போன் வந்தது.

"எங்கப்பாவைப் பெர்சுன்னு சொன்னீங்களா?"

"ஐயோ, அது பாட்டுக்காரன்மா!"

"அம்மா அழுதுனு கீறாங்க. அப்பா கத்தவே இல்ல. அதான் பயமா கீது."

ஸ்ரீநாத்திடம் யோசனை கேட்டான். "ரொம்ப விளக்காத மச்சான். உண்மைய ஒரே வரில போட்று" என்றான் அவன்.

ஜெகதீஷ் குரூப்பில் எழுதினான்: 'தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கு ஹெவி மெட்டல்தான் முக்கியம். அதைப் பற்றித்தான் பேசினேன்.'

மாமியார் ராணி அதற்கு அர்த்தம் கேட்கத் தம்பி அப்பாவுவிடம் போனாள். அப்பாவு யோசித்துச் சொன்னார்: "ஹெவின்னா வெயிட்டு. மெட்டல்னா... வேற இன்னா, தங்கம்தான்."

மறுபடியும் போன்.

"ஒண்ணுமே வேணாம்னீங்க. இப்ப நகை வெயிட்டா வேணுமா? ஞாயித்துக்கெழமைக்குள்ள நேர்ல வந்து பேசலேன்னா கல்யாணமே கெடையாதுன்னு அப்பா சொல்லிட்டாரு."

சத்தியமாக அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டு பெண் வீடு ஏறி இறங்கியதில், 'இன்னா பாட்டு கேப்பீங்க' என்று கேட்ட ஒரே பெண் கனிமொழிதான்.

ஞாயிற்றுக்கிழமை, காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரு ஸ்பீக்கரைச் சுமந்துகொண்டு மாங்காட்டில் பெண் வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் காமாட்சியம்மனை வேண்டிக்கொண்டான். கூடத்தில் ஏகாம்பரம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அப்பாவு மட்டும் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"மாப்ளே நம்மளைப் பத்தி நல்லாத்தான் சொல்லிகீறாரு."

"மாமா, ஒரே ஒரு பாட்டு கேளுங்க. உங்களுக்கே புரிஞ்சிடும்" என்று ஜெகதீஷ் பொத்தானை அழுத்தினான்.

டிரம் இடித்தது. கிடார் கிழித்தது. ராணி கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. பாடகர் அடிவயிற்றிலிருந்து அலறினார்.

"இதான் மாமா அந்தப் பெர்சு!" என்று ஜெகதீஷும் அலறினான்.

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். 'மாரடைப்புதான்' என்று ஜெகதீஷ் நடுங்கிப் போனான். ஆனால் அவர் கால் மெல்லத் தாளம் போட்டது. பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"ஏ ராணி! நம்ம பட்டறை சத்தம் மாரியே கீதே! இத்தப் போய் காசு குடுத்தா கேக்குறானுங்க?" அவர் சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. "நான்தான் தப்பா எடுத்துகினேன். இன்னொரு தபா போடு மாப்ளே!"

ஜெகதீஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கனிமொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராணி கேசரி கிண்ட உள்ளே போனாள்.

அப்போது வாசலில் பைக் நின்றது. போட்டோகிராபர் தினேஷ் வெல்வெட் பெட்டியோடு வந்தான்.

"எங்க ஊட்டு ஆல்பமா? கொண்டா, கொண்டா" என்று ஏகாம்பரம் ஆசையாகப் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக் கொக்கியைக் கழற்றினார்.

தினேஷ் ஜெகதீஷின் காதருகே குனிந்து பெருமையாகச் சொன்னான்: "குரூப்புல உங்க ஓய்ஸ் கேட்ட ஒடனே கட்டைவிரல் காட்னேன்ல அண்ணாத்தே? நீங்க சொன்ன மாரியே, கத்துற பெர்சை எல்லாப் பக்கத்துலருந்தும் தூக்கிட்டு, குட்டையனை நடுவுல வெச்சுட்டேன்!"