பச்சை மையில் ஒரு ‘நன்று’

படிக்காமலே திருத்துகிறவர் என்று ஓர் இனம் உண்டு. இவரைச் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள். சோம்பேறி தாள்களைத் திருப்பித் தரவே மாட்டார். இவரோ திங்களன்று வாங்கிய கட்டைச் செவ்வாய் காலையில் மூலை மடங்காமல் திருப்பித் தருவார். ஒவ்வொரு தாளிலும் ஒரு சரிக்குறி, ஒரு சுருக்கொப்பம், ஒரே வாசகம்: ‘நன்று. இன்னும் கவனம் தேவை.’ யாருக்குத்தான் கவனம் தேவையில்லை?

இந்த இனத்தின் தலைசிறந்த பிரதி ஒரு மருந்தியல் கல்லூரியில், மாடிப்படிக்கு அடுத்த அறையில் இருந்தார். மாணவர்கள் அவரை ‘நன்று சார்’ என்பார்கள். சிவப்பு மை மாணவர் மனத்தைப் புண்படுத்தும் என்று ஒரு பயிலரங்கில் கேட்ட நாள்முதல் அவர் பச்சைப் பேனாவுக்கு மாறியிருந்தார். அந்தப் பயிலரங்கின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் தலைக்கு மேலே தொங்கியது. மதிப்பெண் இல்லாத பயிற்சித் தேர்வுகளை அந்தக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். “மருந்து நோயாளி கைக்குப் போறதுக்கு முன்னாடி சீட்டை ஒரு தடவை படிச்சுப் பார்க்கிறோம் இல்லையா, அதுமாதிரி. தப்பை இங்கயே பிடிச்சுட்டா அங்க போகாது” என்று முதல் வகுப்பில் அவர் சொன்னபோது, மூன்றாம் வரிசையிலிருந்த ஒருத்தி அதை அப்படியே எழுதித் தேதியும் போட்டுக்கொண்டாள்.

அவளைக் ‘கடையக்கா’ என்பார்கள். மருந்துக்கடையில் பதினொரு ஆண்டு நின்று, புத்தகங்களைத் தானே வாங்கிப் படித்து, முப்பத்துநான்கு வயதில் கல்லூரிக்கு வந்தவள். எந்தத் தாளையும் தூர எறியாதவள். இரண்டாம் கடை திறக்கவிருந்த அவளுடைய முதலாளி, உரிமப் பலகையில் அவள் பெயரையே போடுவதாகச் சொல்லியிருந்தார். ஒரு நிபந்தனை: இந்த முறையே தேறிவிட வேண்டும். அடுத்த ஆண்டுவரை பலகை காத்திருக்காது.

அவளிடம் ஒரு பிழை இருந்தது. அவளுக்கே தெரியாத பிழை. கடைக்கு வரும் மருத்துவர் சீட்டில் ஒரு வேளைக்கு எவ்வளவு என்றுதான் இருக்கும். பதினொரு ஆண்டாக அதையே படித்த கண் அது. பாடக் கணக்கிலோ ஒரு நாளைக்கு எவ்வளவு என்று இருக்கும். பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு முந்நூற்றறுபது மில்லிகிராம், மூன்று வேளையாகப் பிரித்து, என்றால், ஐந்து மில்லியில் நூற்றிருபது மில்லிகிராம் உள்ள மருந்தில் வேளைக்கு ஐந்து மில்லி. அவள் பதினைந்து மில்லி என்று எழுதுவாள். மூன்று வேளையும் அதே பதினைந்து. தாளுக்குத் தாள் அந்தப் பதினைந்தின் பக்கத்தில் பச்சை மையில் ஒரு சரிக்குறி பூத்திருக்கும்.

ஒருமுறை அவள் தாளோடு போய் நின்றாள்.

“சார், நன்றுன்னு போட்டிருக்கீங்க. எது நன்று?”

“மொத்தத்துல நன்றும்மா.”

“கவனம் தேவைன்னும் இருக்கு. எதுல சார்?”

“அதை நீங்களே கண்டுபிடிக்கணும். இந்த முறையோட அழகே அதுதான்.”

அழகைக் கோப்பில் செருகிக்கொண்டு அவள் திரும்பினாள்.

இறுதித் தேர்வுத் தாளைத் திருத்த வெளியிலிருந்து வந்தவருக்கு இந்த அழகெல்லாம் தெரியாது, படித்துத் தொலைத்துவிட்டார். மருந்தளவு தவறினால் மற்றவை எவ்வளவு சரியானாலும் தேர்ச்சியில்லை என்பது விதி. கடையக்கா தேறவில்லை. செவிலியரான அவளுடைய அக்கா, சமையலறை மேடையில் கோப்பை விரித்து, வெங்காயம் நறுக்கியபடியே முதல் தாளைப் பார்த்தாள்.

“ஏண்டி, இது ஒரு நாளைக்குடி. மூணால வகுக்க மாட்டியா?”

“நன்றுன்னு போட்டிருக்காரேக்கா.”

“யாருக்கு நன்று? அந்தக் குழந்தைக்கா?”

அன்றே அவள் மேல்முறையீடு எழுதினாள். கேட்டது ஒன்றே ஒன்று: இம்மாதத்துக்குள் மறுதேர்வு. பதினான்கு பயிற்சித் தாள்களில் ஒன்பதில் அதே பிழை. மீதி ஆறில் அந்தக் கணக்கே வரவில்லை. ஒன்பதையும் நகலெடுத்து, தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொரு பதினைந்தின் அடியிலும் கோடிட்டு, முதல் வகுப்பில் அவர் சொன்ன வாசகத்தையும் மேற்கோளாக இணைத்து அலுவலகத்தில் கொடுத்தாள். இதற்கும் பதில் வராது என்றுதான் அவள் நினைத்தாள். ஏனெனில் மேல்முறையீடுகளைப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் நன்று சாருடையதுதான்.

தம்மைக் குற்றம் சாட்டிய பதினோரு பக்கங்களும் திங்களன்று அவர் மேசைக்குப் போயின. செவ்வாய் காலையில் மூலை மடங்காமல் திரும்பி வந்தன.

“ஒப்புதல் ஆயிடுச்சும்மா. அடுத்த வாரம் எழுதலாம்” என்றார் எழுத்தர்.

“என்ன போட்டிருக்கார்?”

“டிக் இருக்கு, கையெழுத்து இருக்கு. ‘நன்று. இன்னும் கவனம் தேவை’ன்னு இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கத்துக்கும் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டாள். மறுதேர்வில் மூன்றால் வகுத்தாள். வினாத்தாளிலிருந்த குழந்தை பிழைத்தது. பலகையில் அவள் பெயர் ஏறியது. அவளை வீழ்த்திய பச்சைப் பேனாவே அவளைத் தூக்கியும் விட்டது. இரண்டு முறையும் அது எதையும் படிக்கவில்லை.

இப்படியும் ஒரு மனிதரா என்றுதானே நினைக்கிறீர்கள்? பதினான்கில் ஒன்பது போக மீதி ஆறு என்று சற்று மேலே எழுதியிருக்கிறது. அங்கே நின்று புருவத்தைச் சுருக்கியிருந்தால், உங்களை நம்பி எவர் தாளையும் கொடுக்கலாம். தலையசைத்துக்கொண்டே கடந்து வந்திருந்தால், அதனாலென்ன, பொறுமையாக இதுவரை படித்திருக்கிறீர்கள். நன்று. இன்னும் கவனம் தேவை.