ஆர்டிஸ் கேட்ட நாற்காலியும் அடுக்கு இனிப்பும்

நியாயத்தின் பக்கம் நிற்போரே, வாருங்கள். மினசோட்டாவில் எங்கள் லூத்தரன் தேவாலயத்தின் நிர்வாகக் குழுவுக்கு இழைக்கப்பட்ட மாபெரும் கொடுமைக்குச் சாட்சியாகுங்கள். சமையற்கூடத்தைப் புதுப்பிப்பதற்காகக் கூடிய அந்த மேன்மைமிகு சபையில், அடுப்பின் திசையே அறியாத ஆண்கள் மட்டும் வீற்றிருந்த வேளையில், ஆர்டிஸ் டோர்கர்சன் தமக்கும் ஒரு நாற்காலி கேட்டார். ஒவ்வொரு கூட்டத்திற்கும் அந்தச் சமையற்கூடத்திலிருந்து இனிப்பு சுட்டு வருபவர், பாவம், அதைப் பற்றித் தமக்கு ஏதோ தெரியும் என்று நம்பிவிட்டார்.

தலைவர் வெர்லின் ஹௌக்லிட், ஆர்டிஸ் கொண்டுவந்த அடுக்கு இனிப்பை மென்றபடியே தீர்ப்பளித்தார்: "இதென்ன பெரிய வித்தையா ஆர்டிஸ்? பிஸ்கட்ட நொறுக்கி, வெண்ணெய் விட்டு, சாக்லேட்டும் தேங்காத் துருவலும் தூவி, மேல டின்பால ஊத்துனா முடிஞ்சுது. மிச்சத்த ஓவன் பாத்துக்கும்."

"அப்போ வர்ற ஞாயித்துக்கிழமை நீங்களே செஞ்சு கொண்டாங்க வெர்லின். வெட்டுனா சுத்தமா துண்டு துண்டா வந்துட்டா நான் வாய மூடிக்கிறேன். வரலேன்னா நாற்காலி எனக்கு."

"எழுதிக்கப்பா," என்றார் தலைவர், செயலாளராகிய என்னிடம்.

ஞாயிறன்று, அடுக்கியதில் தலைவர் குறையே வைக்கவில்லை. ஆனால் "ஆறவிடுதல்" கோழைகளின் கொள்கை என்று அறிவித்து, தட்டு ஓவனைவிட்டு இறங்கிய கணமே கத்தியைப் பாய்ச்சினார். கத்தி சென்ற வழியெல்லாம் சாக்லேட்டு ஆறு தொடர்ந்தது. சபையாருக்குக் கிண்ணங்களில் கரண்டியால் ஊற்றினோம்.

பால்பண்ணை லோவெல் ஒரு வாய் அருந்தி, கிண்ணத்தைக் கீழே வைத்து, "ம்... வித்தியாசமாத்தான் இருக்கு," என்றார். எங்கள் ஊரில் களஞ்சியமே எரிந்து விழுந்தாலும் இதைவிடக் கடுஞ்சொல் எழாது. தலைவர் முகம் வெளுத்தது.

"ஸ்ட்ரா இருக்கா வெர்லின்?" என்றார் ஆர்டிஸ். "நாற்காலிய எந்தப் பக்கம் போடுறீங்க?"

நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. பரிமாறப்பட்டது "பானம்", இனிப்பு அன்று. ஆகவே போட்டியே "நடைபெறவில்லை" என ஒருமனதாக முடிவாயிற்று. இனிப்பு அடுக்கும் முறையை ஆராய ஆண்கள் மட்டுமே கொண்ட உயர்நிலைக் குழு ஒன்றும் அமைந்தது. ஆர்டிஸை நாங்கள் மறந்துவிடவில்லை. உயர்நிலைக் குழு கூடும்போதெல்லாம் அடுக்கு இனிப்பு சுட்டுவரும் பொறுப்பை அவருக்கே அளித்தோம்.

"எளிய வேலைதானே," என்றார் தலைவர்.

கொடுமை யாருக்கு இழைக்கப்பட்டது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது. அடுத்த கூட்டத்தில் இனிப்புத் தட்டு உங்கள் முன் நீட்டப்படும்போது எழுந்து நில்லுங்கள். தட்டை நீங்கள் வாங்கிக்கொண்டு, ஏந்தி வந்தவரை அந்த நாற்காலியில் அமர்த்துங்கள்.